கிறைஸ்லர் 300 ஹர்ஸ்ட்: ஐந்தே முக்கால் மீட்டர் நிதானம்

சாவியை என் கையில் வைத்துவிட்டு, காரின் சொந்தக்காரர் வலப்பக்க இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். "நீங்கள் ஐந்து வருடம் ஓட்டியவர். நான் சொல்லித்தர என்ன இருக்கிறது?" என்றார். சென்ற கோடையில், மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக்கில், உட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் இது நடந்தது. என் மனைவி பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவு சாத்துவதற்கு முன்பே இருக்கையின் தோலைத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

சாவியைத் திருப்பினேன். அந்தக் காலத்துக் கிறைஸ்லர் கார்களின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் வேகக்குறைப்புப் பற்சக்கரம் உண்டு. அதனால் மற்ற கார்களைப் போல 'கர் கர்' என்று இருமாது. மெல்லிய, உயர்ந்த சுருதியில் ஒரு கூவல் எழும்பி இன்ஜினை எழுப்பிவிடும். இதற்கு 'ஹைலண்ட் பார்க் ரீங்காரச்சிட்டு' என்றே செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். ஹைலண்ட் பார்க்கில்தான் அப்போது நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. நானும் அந்த ஊரில்தான் குடியிருந்தேன். ஆறு மாதக் குளிர்காலம் முழுக்க, தெருவில் யாராவது ஒருவர் காலை ஐந்தரைக்கு அந்தக் கூவலோடு வேலைக்குக் கிளம்புவார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒலியைக் கேட்டதும், ஒரு கணம் கியரைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் காரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அபூர்வத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். 1970ஆம் ஆண்டு ஒரே ஒரு பருவம்தான் விற்றது. சுமார் 500 கார்கள்தான் வெளிவந்தன. ஆனால், அபூர்வம் காரின் குணம் ஆகாது. ஓட்டிப் பார்த்து, குடும்பத்தை ஏற்றிச்சென்று, பெட்ரோலுக்குக் காசு எண்ணிக் கொடுத்தவன் என்ற முறையில் இதை ஒரு காராகவே மதிப்பிட விரும்புகிறேன்.

முதலில் வம்சம். 1955இல் கிறைஸ்லர் 300 குதிரைத்திறன் கொண்ட ஹெமி (அரைக்கோள எரிப்பறை) இன்ஜினை வைத்து சி-300 என்ற காரைக் கொண்டுவந்தது. பெரிய மனிதர்கள் வாங்கும் கனத்த சொகுசுக் கார் அது. அதை அப்படியே பந்தயத்துக்குக் கொண்டுபோய் டிம் ஃபிளாக் அந்த ஆண்டு அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப்பந்தயப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு 300பி, அதற்கடுத்து சி, டி, இ என எழுத்து ஏறிக்கொண்டே போய் 1965இல் எல்-லோடு வரிசை நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஹர்ஸ்ட் நிறுவனம் கிறைஸ்லருடன் சேர்ந்து இந்த 300ஐ மாற்றியமைத்தது. ஹர்ஸ்ட் என்றால் கியர் நெம்புகோலுக்குப் பேர்போன கம்பெனி. 1968இல் ஓல்ட்ஸ்மொபீலுடன் கூட்டுச் சேர்ந்து ஹர்ஸ்ட்/ஓல்ட்ஸ் காரைத் தந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் கைவைத்த இந்தக் காரில் பெரும்பாலும் கியர் நெம்புகோல் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும், வீட்டுக்காரப் பெரியவர்கள் ஓட்டும் கார்களில் இருப்பதுபோல. எனக்கு அது பிடித்தேயிருந்தது. இந்தக் காரின் போக்குக்கு அதுதான் பொருத்தம்.

என் கதைக்கு வருகிறேன். 1972இல் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேற்படிப்புக்குச் சேர்ந்து, ஹைலண்ட் பார்க்கில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் ஜெஃபர்சன் அவென்யூ ஆலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். அவரிடம் இருந்ததும் இதே வகைக் கார்தான். ஸ்பின்னேக்கர் வெள்ளை என்று சொல்லப்பட்ட வெண்மை. பானெட்டிலும் பக்கவாட்டிலும் மங்கிய பொன்பழுப்பு. சனிக்கிழமை தோறும் வாளியில் வெந்நீரோடு வந்து அவரே கழுவுவார். நான் துணியை நனைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்; காரைத் தொட விடமாட்டார்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. கேலன் நாற்பது சென்ட்டுக்குக் கீழே இருந்த பெட்ரோல் சில மாதங்களில் ஐம்பதைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்க்குகள் மூடிக்கிடந்தன. 1974 ஜனவரியில் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் வேகவரம்பு வந்தது. பெரிய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் பார்த்தார்கள்; வாங்க ஆள் இல்லை. புதிதாக வாங்கும்போது சுமார் 6,000 டாலர் ஆன கார் இது. அதே ஆண்டு கிறைஸ்லரின் பிளிமத் ரோட் ரன்னர் என்ற வேகக் காரை அதில் பாதி விலைக்கு வாங்கலாம். அந்த வசந்தத்தில் ஒருநாள் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். "யாருக்கோ கொடுத்து, அவன் இதை நொறுக்கிப் போடுவதைப் பார்க்க என்னால் முடியாது. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். என்னிடம் 900 டாலர் இருந்தது. அதையே விலையாக வைத்துக்கொண்டார். சாவியைக் கொடுக்கும்போது, கழுவும் துணியையும் மடித்துக் கொடுத்தார்.

இப்போது கார்.

நீளம் 224.7 அங்குலம், அதாவது 5.7 மீட்டர். சக்கர இடைவெளி 124 அங்குலம். எடை இரண்டு டன்னை ஒட்டி வரும். கதவு இரண்டே. 1969இல் கிறைஸ்லர் கொண்டுவந்த விமான உடல் வடிவம் இது. பக்கங்கள் ஜன்னலிலிருந்து கீழ்வரை ஒரே வளைவாக உப்பி இறங்கும். முன்விளக்குகள் கிரில்லுக்குள் மூடிக்கிடக்கும், தேவைப்படும்போதுதான் மூடி திறக்கும். பானெட்டும் டிக்கி மூடியும் கண்ணாடியிழை; டிக்கி மூடியிலேயே பின்சிறகு வார்க்கப்பட்டிருக்கும். இவ்வளவு பெரிய காருக்குப் பின்சிறகு எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். பானெட்டின் நுனியில் தொடங்கும் கோடு, கூரையில் ஏறி, பின்கண்ணாடி வழியே சரிந்து, முடிவில் அந்தச் சிறகில் லேசாக நிமிர்ந்து நிற்கும். சிறகு இல்லாத சாதாரண 300ஐப் பக்கத்தில் நிறுத்தினால், அதன் கோடு பாதியில் வழுக்கி விழுந்ததுபோல் இருக்கும். இது வெறும் ஒட்டுவேலை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே, கிறைஸ்லரின் உச்ச வகையான இம்பீரியலிலிருந்து எடுத்த தோல் இருக்கைகள், குதிரைச் சேணத்தின் பழுப்பில். ராயல் ஓக் காரில் அந்தத் தோல் மாற்றப்படவில்லை. ஓட்டுநர் இருக்கையின் இடது விளிம்பில், ஐம்பது ஆண்டுகளாக மனிதர்கள் ஏறி இறங்கிய இடத்தில், நிறம் வெளுத்து மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. கையால் அழுத்தினால் இன்னும் மெத்தென்று அமுங்கி எழுந்தது. என் காரிலும் அதே இடத்தில் அதே வெளுப்பு இருந்தது. அதற்கு நான் மாதம் ஒருமுறை சேண எண்ணெய் தடவுவேன். அந்த வாசனை என் கோட்டுக் கையிலேயே தங்கிவிடும்; என்னோடு ஆய்வகத்தில் இருந்தவர்கள், நான் எங்கோ குதிரை வளர்க்கிறேன் என்று நினைத்தார்கள்.

இன்ஜின் 440 கன அங்குலம், அதாவது 7.2 லிட்டர் வி-8. டிஎன்டி என்று பெயர். 375 குதிரைத்திறன், அது 1972க்கு முந்தைய கணக்கு முறை, துணைக்கருவிகளைக் கழற்றி மேடையில் வைத்து அளந்தது. எனவே இன்றைய எண்களோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். உண்மையில் இந்தக் காரைப் புரிந்துகொள்ளக் குதிரைத்திறனை மறந்துவிட்டு முறுக்குவிசையைப் பாருங்கள்: 480 பவுண்டு-அடி, அதுவும் நிமிடத்துக்கு 3,200 சுற்றிலேயே. அந்த எண்ணின் பொருள் என்ன என்பதை ஒரு நிகழ்ச்சியால்தான் சொல்ல முடியும்.

1975 கோடையில் எனக்குத் திருமணமாகி, மனைவி வந்து சேர்ந்த இரண்டாவது மாதம். விமான நிலையத்தில் இந்தக் காரை முதலில் பார்த்தபோது, "வீட்டுக் கூடத்தையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டவள் அவள். நெடுஞ்சாலை 75இல் வடக்கே போய் மாக்கினா பாலத்தைக் கடந்தோம். அந்தப் பாலத்தின் உள்தடங்கள் இரும்புச் சல்லடை. சக்கரம் பட்டதும் கார் முழுக்க ஒரு ரீங்காரம் ஏறும், கீழே குனிந்தால் நீர் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். செயின்ட் இக்னேஸ் வந்ததும் மேற்கே திரும்பி, மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் யு.எஸ். 2 சாலையில் ஏறினோம். ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் காடு. போக ஒரு தடம், வர ஒரு தடம். முன்னால் மரத்தடிகள் ஏற்றிய லாரி ஒன்று. மரப்பட்டைத் துகள் எங்கள் கண்ணாடியில் தெறித்துக்கொண்டே இருந்தது. பத்து மைலாக அதன் பின்னால் நாற்பத்தைந்தில் ஊர்ந்தோம்.

எதிரே சாலை நீண்டு வெறுமையாகத் தெரிந்த ஓரிடத்தில் ஆக்ஸிலரேட்டரை இறுதிவரை அழுத்தினேன். டார்க்ஃபிளைட் கியர்பெட்டி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. உலுக்கவில்லை, யாரோ தோளில் கைவைத்து இருக்கையோடு சேர்த்து அமர்த்தியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். கார்புரேட்டரின் நான்கு வாய்களில் பின்னிரண்டும் திறந்தன. அதுவரை கேட்காத ஓர் ஒலி, அடித்தொண்டையிலிருந்து வரும் நீண்ட மூச்சு, பானெட்டுக்கு அடியில் தொடங்கியது. முன்பக்கம் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. லாரியின் பின்சக்கரம், நடுச்சக்கரம், ஓட்டுநரின் முழங்கை என ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நான் காலைத் தளர்த்தியதும் ஒலி அடங்கி, மீண்டும் மூன்றாவது கியர், மீண்டும் காற்றின் இரைச்சல் மட்டும். மனைவி பழக்கூடையைத் திறந்து ஒரு செர்ரியை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவேயில்லை.

இதுதான் இந்தக் காரின் சாரம் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. பெரிய இன்ஜின் பொருத்திய வேகக் கார்களான மசில் கார் வகையில் சேர்த்து, கால்மைல் பந்தயத்தில் எத்தனை வினாடி என்று கேட்கிறவர்கள், சிறிய ரோட் ரன்னரோ பான்டியாக் ஜிடிஓவோ இதை முந்திவிடும் என்பதைப் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். முந்தட்டும். அந்தக் கார்களில் வலிமையை ஒவ்வொரு நிமிடமும் உங்கள் முதுகெலும்பில் உணர்வீர்கள். இங்கே அதே அளவு வலிமை, உள்ளே இருப்பவரின் அமைதி கலையாமல் இருப்பதற்காகவே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. செர்ரிப் பழம் கையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் லாரி பின்னால் போயிருக்க வேண்டும், பழம் தின்பவருக்குத் தெரியவும் கூடாது. அதைச் செய்வது கால்மைல் ஓடுவதைவிடக் கடினமான பொறியியல்.

அந்தக் காலத்தில் இதே எண்ணத்தோடு வந்த மற்றவற்றையும் ஓட்டியிருக்கிறேன். 1969 மெர்க்குரி மராடர் எக்ஸ்-100, 429 கன அங்குலம், 360 குதிரைத்திறன். பின்சக்கரத்தைப் பாதி மூடிய மறைப்புத் தகடுகளோடு. இன்ஜின் அருமை. ஆனால் திருப்பத்தில் அதன் உடம்பு சாய்ந்து, நிமிர நேரம் எடுத்துக்கொள்ளும். 1966 ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ முன்சக்கர இயக்கம், 385 குதிரைத்திறன். பனியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை, உள்ளே தரை சமதளமாக இருக்கும். துணிச்சலில் எல்லாவற்றுக்கும் மேல் அதுதான். 1970 கேடிலாக் எல்டொராடோவில் 8.2 லிட்டர், 400 குதிரைத்திறன். எண்ணைக் கேட்டுவிட்டு ஏறினால் சோஃபாவில் உட்கார்ந்த நினைவுதான் மிஞ்சும். 1971 பியூக் ரிவியராவின் படகுவால் பின்புறம் பற்றி நாள் முழுக்கப் பேசலாம், இப்போது வேண்டாம். எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு 300க்குத் திரும்பும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே உள்ள தாமதம் இதில்தான் குறைவு என்று தோன்றும். முன்பக்க முறுக்குத்தண்டு சஸ்பென்ஷனுக்கு அதில் பங்கு உண்டு. ஆனாலும் பவர் ஸ்டீயரிங் ஒற்றை விரலுக்கு அடங்கும் அளவுக்கு லேசு. சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கு ஒன்றும் சொல்லாது. அன்றைய அமெரிக்கப் பெரிய கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் அது. வேகத்தை இருக்கை வழியாகத்தான் அறிந்துகொள்ள வேண்டும்.

குறைகளை மறைக்க மாட்டேன். ஊருக்குள் கேலனுக்கு 9 மைல், நெடுஞ்சாலையில் பொறுமையாகப் போனால் 12. மாணவ உதவித்தொகையில் அது வலித்தது. வாரம் மூன்று நாள் காரை வீட்டில் விட்டுவிட்டு உட்வர்ட் பஸ்ஸில் போனேன். மலைச்சரிவில் பிரேக்கை நம்பி வேகமாக இறங்கக் கூடாது. இரண்டு டன்னை இரண்டாவது தடவை நிறுத்தும்போது பெடல் நீளும். பின்னால் பார்த்து நிறுத்துவது தனிக்கலை. மனைவி இதில்தான் ஓட்டப் பழகினாள், ஒரு தொழிற்சாலையின் காலி வாகன நிறுத்துமிடத்தில், ஞாயிறு காலைகளில், இரண்டு தலையணைகளின் மேல் உட்கார்ந்து. தேர்வில் ஓரமாக நிறுத்திக் காட்டச் சொன்ன அதிகாரி, அவள் ஒரே முயற்சியில் நிறுத்தியதும், மீதித் தேர்வு தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பெரிய பிழை என்னுடையது. எய்ட் மைல் சாலையில் ஒரு பட்டறையில் சைலன்சர் மாற்றக் கொடுத்தேன். விலை குறைவு என்று பார்த்தேனே தவிர, குழாயின் விட்டத்தைப் பார்க்கவில்லை. சிறிய குழாய்களைப் பொருத்திவிட்டார்கள். மெதுவாகப் போகும்போது வித்தியாசம் தெரியவில்லை. முந்தப் போகும்போது கார் மூச்சுத்திணறியது. இரண்டு மாதம் கார்புரேட்டரைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். பழைய வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் காரின் பின்னால் முழங்காலிட்டு, குழாயின் வாயில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் உப்பு ஜெயித்தது. மிச்சிகனில் பனிக்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு பின்சக்கர வளைவுகளைத் தின்றுவிட்டது. 1979 வசந்தத்தில் பார்த்தால், கண்ணாடியிழைப் பானெட்டும் டிக்கி மூடியும் வாங்கிய அன்று போலவே இருந்தன. அவற்றுக்கு இடையில் இருந்த இரும்பெல்லாம் செதிலாக உதிர்ந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் படுத்துத் தூங்கும் பின்னிருக்கைக்குக் கீழே தரையில் ஓட்டை விழுந்ததைக் கண்ட அன்று, விற்க முடிவெடுத்தேன். வாங்கியவர் பானெட்டுக்காகவும் டிக்கி மூடிக்காகவும் மட்டுமே வாங்கினார்.

இப்போது யாராவது வாங்க நினைத்தால், முதலில் பார்க்க வேண்டியதும் அந்த இரண்டையும்தான். கண்ணாடியிழைப் பாகங்கள் மூலப் பாகங்களா என்று உறுதிசெய்யுங்கள். மாற்றுக் கிடைப்பது கடினம். பிறகு காரை உயர்த்தி, முறுக்குத்தண்டுகளின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். அங்கே துரு இருந்தால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்ஜினைப் பற்றிக் கவலை வேண்டாம். 440க்குப் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன.

உட்வர்டில் பத்து மைல் வடக்கே போய்த் திரும்பினோம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடக்கும் பழைய கார்களின் பெரிய ஊர்வலத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதற்குள்ளாகவே சாலையோரம் மடக்கு நாற்காலிகள் போட்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை விளக்கு விழுந்ததும் லேசாக அழுத்தினேன். அதே நீண்ட மூச்சு. பின்னால் மனைவி பேச்சை நிறுத்தவில்லை. மகள் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள் என்று காரின் சொந்தக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் அவள் அவரிடம், "விற்கும் எண்ணம் வந்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் நம் கராஜ் எவ்வளவு நீளம் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வந்து இறங்கியதும் அளவுநாடாவின் ஒரு முனையை அவள் சுவரில் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கதவுவரை இழுத்தேன். 19 அடி 4 அங்குலம். காருக்கு 18 அடி 9 அங்குலம் போதும்.

"சுவரோரம் இருக்கும் அலமாரியை எடுத்துவிடலாம்" என்றாள்.